அலையில்லாத கடலும் அத்தையும்

போய் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பெட்டியை உதறினால் இன்னும் வெள்ளை மணல் கொட்டுகிறது. அங்கே இருந்தபோது இரவு இரவாகப் போனில் தட்டி வைத்ததைத்தான் கொஞ்சம் துடைத்து இங்கே போடுகிறேன். மொரிஷியஸ் போனவர்கள் நாலு பேர்: நான், இவர், ஏழாம் வகுப்பு முடித்த பையன், அத்தை. அத்தை என்றால் என் மாமியார், வயது 69. பாஸ்போர்ட் எடுக்கும் நாளிலிருந்தே அவருக்கு ஒரே கேள்விதான்: "கடலப் பாக்கதுக்கா இம்புட்டு துட்டு? திருச்செந்தூருக்கு பஸ் ஏறுனா முடிஞ்சு போச்சு."

9 மே 2024, வியாழன்

திருநெல்வேலியில் அக்னி நட்சத்திரம். இங்கே இறங்கினால் புரட்டாசி மழை விட்ட சாயங்காலம் மாதிரி காற்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் இவர்களுக்கு இது குளிர்காலத் தொடக்கம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினோம்.

மூன்று பெட்டி அனுப்பினோம், இரண்டுதான் வந்தது. வராதது இவருடைய பெட்டி. நாளைக்கு வந்துவிடும் என்று கவுண்டரில் இருந்த பெண் அவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள். (வந்தது சனிக்கிழமை ராத்திரி.) அதனால் இவர் கடற்கரைக் கடையில் 450 ரூபாய்க்கு டோடோ பறவை படம் போட்ட அரைக்கால் சட்டை ஒன்று வாங்கி, இரண்டு நாள் அதிலேயே காலம் தள்ளினார். 450 என்றால் அவர்கள் ரூபாய். நம் கணக்குக்கு அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். முதல் நாள் முழுக்க இப்படி இரட்டிப்பாக்கியே எனக்கு வயிறு எரிந்தது.

பணம் மாற்றும்போதுதான் அத்தை முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நோட்டில் தமிழ் எழுத்து! ஆங்கிலம், அதன் பிறகு தமிழ், அதற்குப் பிறகுதான் இந்தி. 1998-ல் வந்த நோட்டுகளில் இந்த வரிசை மாறி இந்தி முன்னால் வந்துவிட்டது. இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 100 ரூபாய் நோட்டில் இருப்பவரும் தமிழ் வம்சாவளிக்காரர்தான், ரெங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞர், அரசியல்வாதி. அத்தை அந்த நோட்டில் ஒன்றை மடித்துத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். செலவழிக்கக் கேட்டால் தரவில்லை.

தங்கியது மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் என்ற ஊரில். சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் விருந்தினர் விடுதி: இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, ராத்திரிக்கு 2,200 ரூபாய். சாலைக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். இருட்டில் போய் எட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. "கடலு எங்கடா?" என்று பேரனைக் கேட்டார் அத்தை. அவர் நின்றதே அதன் ஓரத்தில்தான்.

10 மே, வெள்ளி

காலையில் பார்த்தால் விளம்பரத்தில் வருகிற கடல் அப்படியே. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம், கரையில் ஆளே இல்லை. இரண்டு வெள்ளைக்காரத் தம்பதிகள், ஐந்து தெரு நாய்கள், நாங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடு இழுத்தமாதிரி நுரை தெரிகிறது. அதுதான் பவளப்பாறைத் திட்டு. தீவைச் சுற்றிலும் பெரும்பாலும் இந்தத் திட்டு இருப்பதால் பெரிய அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடும், கரைக்கு வருவது குளத்துத் தண்ணீர்தான். தெற்கே கிரிகிரி என்ற இடத்தில் திட்டு விட்டுப்போன இடைவெளி உண்டு. அங்கே அலை பாறையில் மோதும், குளிக்க இறங்கக் கூடாது. பையன் இதையெல்லாம் விளக்கினான். அத்தை கேட்டுவிட்டு, "அலயில்லாட்டி என்னல கடலு? தெப்பக்குளம்" என்று சொல்லிச் சவுக்கு நிழலில் துண்டை விரித்துவிட்டார்.

சவுக்கு அவருக்குப் பிடித்துவிட்டது. காற்றில் அது போடுகிற சத்தம் நம் ஊர்ச் சவுக்கு போடும் சத்தமேதான்.

மணல் நம் மணல் மாதிரி இல்லை, பவளம் நொறுங்கிய மணல். உள்ளே போனால் காலில் குத்துகிறது. ரப்பர் செருப்பு, ஷூ விற்கிற ஒருவர் தண்ணீருக்குள் கைகாட்டி, முள் உருண்டைகள் இருக்கின்றன, ஷூ போடாமல் இறங்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஜோடி 350. பையனுக்கும் எனக்கும் வாங்கினேன். இவர், "விக்கதுக்காகப் பயமுறுத்துறான்" என்று வெறுங்காலோடு போய்விட்டார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் கரையோரம் வடக்கே நடந்தோம். பொது கடற்கரை பலகை முடிந்த இடத்தில் பெரிய ஹோட்டல் தொடங்குகிறது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், கூரை வேய்ந்த குடைகள். ஒரு காவலாளி எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். விரட்டத்தான் வருகிறார் என்று நான் திரும்ப எத்தனித்தேன். அவரோ கையால் தண்ணீர் ஓரத்தைக் காட்டி, "இங்கே நடக்கலாம், அங்கே நாற்காலியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அலை ஏறுகிற கோடுவரை மணல் எல்லோருக்கும் பொதுவாம். ஹோட்டல்காரர்கூட அதற்கு வேலி போட முடியாது.

இதை ராத்திரி விடுதிக்காரரிடம் சொன்னபோது மனிதர் சூடாகிவிட்டார். பிரெஞ்சு ஆட்சியில் தீவைக் காப்பதற்காகக் கரையோரம் ஒரு பட்டை நிலத்தை அரசு நிலமாக ஒதுக்கினார்கள். ஏற்றக் கோட்டிலிருந்து உள்ளே 81.21 மீட்டர் அகலம், இன்றும் சட்டத்தில் அதே அளவு. ஆனால் அந்தப் பட்டையைத்தான் ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் குத்தகைக்கு விடுகிறார்கள். ஓரத்து மணலில் நடக்கலாம் என்பது சரி, குடும்பத்தோடு உட்கார நிழல் எங்கே? "எங்கள் கடற்கரையைத் திருடாதே" என்றே இங்கே ஓர் இயக்கம் இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், எதற்குச் சண்டை போடுகிறோம் என்று தெரியும்" என்றார். நான் தலையாட்டினேன், அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாடு: டால்பூரி. மோட்டார் சைக்கிள் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி விற்கிறார்கள். கடலைப் பருப்பு மாதிரி ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்து அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி. இரண்டாகச் சேர்த்து, அவரைக் கறியும் தக்காளித் தொக்கும் பச்சை மிளகாய் அரைத்ததும் தடவி, காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுக்கிறார்கள். ஜோடி 25 ரூபாய். நாலு நாளில் நான் தின்றதை எண்ணவில்லை. "மிளகாய் போடவா?" என்று அந்தப் பையன் எங்களிடம் சந்தேகமாகக் கேட்டது மட்டும் எனக்கு அவமானமாக இருந்தது.

11 மே, சனி

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், நினைத்தாலே எரிச்சல். கிழக்கே த்ரூ தோ தூஸிலிருந்து படகு ஏறி மான் தீவு (இல் ஓ செர்ஃப்) போனோம். ஆளுக்கு 1,500, மதியச் சாப்பாடு சேர்த்து. கிழக்குக் கரையில் காற்று முகத்தில் அறைந்தது. போகிற வழியிலேயே மழை. அருவி என்று காட்டியதைக் குற்றாலத்துக்காரி கண்ணால் பார்த்து எப்படி வியப்பது? சைவச் சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள், கிடைத்தது ரொட்டித் துண்டும் முட்டைக்கோசும் வாழைப்பழமும். அத்தை வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தீவின் மணலும் கடலும் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒருவர் எதையாவது விற்றுக்கொண்டிருந்தார். உப்பும் மிளகாயும் தூவிய அன்னாசி ஒன்று 150. அதே அன்னாசி ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் 75.

இவரின் பெட்டி வந்தது. டோடோவுக்கு ஓய்வு.

12 மே, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு லாரி பின்னால் வருகிற சத்தத்தில் விழித்தேன். வெளியே வந்தால் சாலை தெரியவில்லை. பேருந்து, வேன், காரின் கூரைமேல் கட்டிய பாய், கேஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி, ஒரு பாட்டி உட்கார்ந்த நாற்காலியை நாற்காலியோடு தூக்கி வருகிற இரண்டு பேரன்கள். காத்ர் போர்ன், வாக்குவா, ரோஸ் ஹில் என்று மேட்டு நிலத்து ஊர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டன. எட்டு மணிக்குள் சவுக்குக்குச் சவுக்கு தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு தார்ப்பாயின் கீழும் ஒரு வீடு. அண்டா, அடுப்பு, வெங்காயம் உரிக்கிற பெண்கள், டாமினோ ஆடுகிற ஆண்கள், பீர், ஸ்பீக்கர். வெள்ளிக்கிழமை பார்த்த விளம்பரக் கடல் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

எனக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். இவ்வளவு காசு கொடுத்து ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கா வந்தோம்? அத்தையின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் முதல்முறையாக அவர் ஊரில் இருப்பதுபோல இருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய், தன் வழக்கமான மரத்தடியில் வேறு ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டு நின்றார்.

அந்தக் குடும்பத்துப் பாட்டிக்கும் எழுபது இருக்கும். பூப்போட்ட கவுன், நெற்றியில் குங்குமம், காதில் கல் தோடு. அத்தை நிற்பதைப் பார்த்ததும் தன் பாயைச் சுருட்டி இடம் விட்டு, "வினி, வினி" என்றார். வா என்று அர்த்தமாம். அத்தை உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "நீங்க தமிழா?" அந்த அம்மாள் சிரித்து, மார்பில் கை வைத்து, "தமூல், வீ! மே மோ பா கோஸ் தமூல்." தமிழர்தான், ஆனால் தமிழ் பேச வராது. ஆங்கிலம் தெரிந்த மருமகள் ஒருத்தி பக்கத்தில் இருந்து சொன்னாள். வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து இங்கே உருவான மொழி. பிள்ளைகள் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், கோயிலில் தேவாரம் பாடுகிறார்கள், அதற்குமேல் இல்லை. முப்பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1730-களில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சு ஆளுநர் பாண்டிச்சேரியிலிருந்து கல் வேலைக்காரர்களைக் கூட்டி வந்தார், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் வந்தார்கள். இதில் எந்தக் கப்பலில் வந்தார் என்று யாருக்குத் தெரியும்?

இனிமேல் இவர்கள் எப்படிப் பேசப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டி ஒரு தூக்குவாளியைத் திறந்தார். அவர் அன்று கவிச்சி தொடுவதில்லையாம், தனக்கென்று தனியாகச் சமைத்து எடுத்து வந்திருந்தார். அத்தை குனிந்து முகர்ந்தார். "ரசம்!"

"ரசோன்" என்றார் பாட்டி, மூக்கால்.

"ரசம்."

"வீ, ரசோன்."

அடுத்த டப்பாவில் கீரை. அத்தை ஒரு இலையை விரலில் எடுத்துப் பார்த்தார். "முருங்கக்கீரல்லா இது?" பாட்டி: "ப்ரேத் மூரூம்." மேலே மிதந்த இலையைக் காட்டி, "காரிபூலே." கறிவேப்பிலை. சட்டினிமேல் தூவியிருந்ததைக் காட்டி, "கோத்தோமிலி." அத்தைக்குக் கண் விரிந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் என்னையும் அந்த மருமகளையும் மறந்துவிட்டு, பைக்குள் இருந்த ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். காலையில் தெருவில் வாங்கியது என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தார் பாட்டி. "பூத்தூ." தேங்காய்ப்பூ போட்ட குட்டிப் புட்டு. பருப்பை அரைத்துப் பொரித்த உருண்டை ஒன்றை 'கதோ பிமா' என்று நீட்டியபோது மட்டும் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இது ஆமவட. பேர மாத்திட்டாங்க."

அத்தையின் விரலில் ஏப்ரல் 19 ஓட்டு மை இன்னும் போகவில்லை, நகத்தில் கறுப்பாக நின்றது. பாட்டி அதைப் பிடித்துப் பார்த்து, அடிபட்டதா என்று சைகையில் கேட்டார். மருமகள் மூலம் விளக்கினோம். பாட்டி ஏதோ சொல்ல, அந்தக் கூட்டமே சிரித்தது. "உங்கள் ஊரில் அரசியல்வாதிகள் ஓட்டுப் போட்டவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள நல்ல வழி" என்றாராம்.

இவருக்கு முள் குத்தியது பதினொரு மணிக்கு. இடுப்பளவு தண்ணீரிலிருந்து "ஐயோ!" என்று ஒரு சத்தம். நான் எழுவதற்குள் பாட்டி எழுந்துவிட்டார், "ஆயோ! ஆயோ!" என்று கத்திக்கொண்டே. அந்த நேரத்திலும் எனக்கு அது காதில் விழுந்தது. இவர்கள் ஐயோவைத் தொலைக்கவே இல்லை.

இரண்டு பையன்கள் இவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாயில் போட்டார்கள். ஒருவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, முதலில் கேட்டது "லாஃப்?" கல்லு மாதிரியே கிடக்கிற விஷ மீன் அது, மிதித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். பிறகு கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து, "நோன், ஊர்சன்" என்று மூச்சு விட்டான். கடல் முள்ளெலி. ஏழு முள். ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை ஒருத்தி ஊற்ற, இன்னொருத்தி கைப்பையிலிருந்து புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்தாள். ஐந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆணின் உள்ளங்காலைக் குடைவதை, அவனைப் பெற்ற தாய் பூத்தூ தின்றுகொண்டே பார்த்தாள். "முந்நூத்தம்பது ரூவா" என்று மட்டும் சொன்னேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை.

மதியம் பெரிய தேக்சாவைத் திறந்தார்கள். இங்கே பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். தப்பு என்று நினைத்தேன், தின்ற பிறகு மாற்றிக்கொண்டேன். எங்கள் மூவருக்கும் அது, அத்தைக்கு ரசோனும் சோறும். பதிலுக்கு என்ன தருவது என்று தெரியாமல் விடுதிக்கு ஓடி, கொண்டுவந்திருந்த இரண்டு பொட்டலம் அல்வாவை எடுத்து வந்தேன். (யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்திருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.) ஐந்து நிமிடத்தில் காகிதம்தான் மிச்சம்.

மூன்று மணிக்குப் பக்கத்துத் தார்ப்பாயில் சவுக்குச் சருகைக் குவித்துத் தீ மூட்டினார்கள். எதற்கு என்று பார்த்தால், ராவான் என்ற அகலமான மேளம். ஆட்டுத்தோல் கட்டியது. தீயில் காட்டி வாட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி வாட்டினார்கள். நம் பறையைக் காய்ச்சுவது போலவே. பிறகு செகா தொடங்கியது. அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் ஆட்டம். 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாதம் தரையை விட்டு எழும்பாமல் இழுத்து இழுத்து ஆட வேண்டும், மணலில் ஆடிப் பிறந்தது என்பது பார்த்தாலே தெரிகிறது. கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர்கள்), இந்து, முஸ்லிம், சீனர் என்று பார்க்காமல் எல்லாத் தார்ப்பாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பையன் அரை மணி நேரம் ஆடினான். நான் ஆடினேனா என்பது இங்கே தேவையில்லை.

சூரியன் ஐந்தே முக்காலுக்குள் போய்விட்டது. பாட்டி அத்தையிடம் உள்நாட்டுப் பக்கம் கைநீட்டி ஏதோ காட்டினார். காத்ர் போர்னில் கோர் து கார்து மலைச் சரிவில் முருகன் கோயில் இருக்கிறதாம். தைப்பூசத்துக்கு நாடே விடுமுறை, 'தைப்பூசம் காவடி' என்றே நாள்காட்டியில் போட்டிருக்கும். அவர் பதினொரு வருஷம் காவடி எடுத்தவர். அத்தை, "எங்க ஊரு செந்தூர்ல முருகன் கடல் ஓரத்துலயே நிக்கான்" என்றார். மருமகள் மொழிபெயர்த்தாள். பாட்டி கடலைப் பார்த்து, நீங்கள் இதில் இன்னும் இறங்கவே இல்லையே என்று கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை.

குப்பை விஷயமும் சொல்ல வேண்டும். ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது பீர் பாட்டிலும் தட்டுமாகத் தோப்பு கிடந்த கோலம் நன்றாயில்லை. நாய்களுக்குத் திருவிழா. எங்கள் பாட்டி குடும்பம் மட்டும் சாக்கில் கட்டி எடுத்துப் போனது.

13 மே, திங்கள்

ராத்திரி விமானம். வழியில் மாயபூர், அந்த லா பூர்தொனே பேரில் அமைந்த ஊர். திங்கள்கிழமை சந்தை. அத்தை நேரே கீரைக்காரரிடம் போய், "மூரூம்?" என்றார். இருந்தது. எதற்கு, எங்கே சமைப்பது, விமானத்தில் ஏற்றுவார்களா என்ற கேள்வியெல்லாம் அவருக்கு இல்லை. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள் பாரு, அது போதும்.

இந்தக் கரையில்தான் 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்டில் உடைந்து ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. கண்ணாடி அடி போட்ட படகில் எங்களைப் புளூ பே கடல் பூங்காவுக்குள் கூட்டிப் போனவர், அப்போது தானும் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்க மிதவை செய்ததாகச் சொன்னார். ஊரே உட்கார்ந்து தைத்ததாம். கையில் எண்ணெய் நாற்றம் ஒரு மாதம் போகவில்லை என்றார். படகுக்கு ஆளுக்கு 400, இவருக்கு நொண்டிக் காலுக்காக 300.

கண்ணாடி வழியாக மூளை மாதிரி, மான் கொம்பு மாதிரி பவளங்கள். மஞ்சள் வரி மீன்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தன. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

கரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால்வரை போனார். "அத்தை, மாத்துச் சேல பெட்டிக்குள்ள இருக்கு, பெட்டி வண்டில இருக்கு" என்று கத்தினேன். கிழக்கே திரும்பிக் கும்பிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. எழுந்து குனிந்து தண்ணீருக்குள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விரலு தெரியுதுட்டீ" என்றார்.

அந்த ஈரச் சேலையைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டி, முருங்கைக்கீரையை வண்டியோட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஏறினோம். கவுண்டரில் பெட்டி ஒன்றரைக் கிலோ கூடுதல் என்றார்கள். டோடோ சட்டையைக் கழித்தும் சரியாகவில்லை.